ஆறாம் வகுப்புக்குப் போனால் பசிக்காதா?

உத்திரமேரூர் வட்டாரத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றுக்குக் காலை எட்டேகால் மணிக்குப் போய்ப் பாருங்கள். சமையல்கூடத்தில் ரவை கிச்சடி இறக்கி வைத்திருப்பார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் விடிவதற்கு முன்பே வந்து காய் நறுக்கி, பருப்பு வேகவைத்து, சாம்பாரைக் கொதிக்கவிட்டிருப்பார்கள். தலைமையாசிரியர் ஒரு கரண்டி வாங்கி ருசி பார்ப்பார். செல்போனில் படம் எடுத்துச் செயலியில் ஏற்றுவார்கள். பிறகு ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் தட்டோடு தாழ்வாரத்தில் சம்மணமிட்டு உட்காருவார்கள்.

அதே தாழ்வாரத்தின் இன்னொரு கோடியில் ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்த அக்கா அவனுக்குத் தட்டைக் கழுவிக் கொடுப்பாள், சாம்பார் சட்டையில் சிந்தாமல் பார்த்துக்கொள்வாள், தண்ணீர் எடுத்து வைப்பாள். அவளுக்குத் தட்டு கிடையாது. போன ஏப்ரல் வரை அவளுக்கும் இருந்தது. ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குப் போனாள், பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது. வீடு அதேதான். அம்மா வேலைக்குக் கிளம்பும் நேரமும் மாறவில்லை. கூரையும் அடுப்பும் அண்டாவும் அதேதான். மனசு கேட்காமல் மிச்சத்தை இந்தப் பிள்ளைகளுக்கு வைக்கிற சமையலர்களும் உண்டு. அவர்கள் யாருக்கும் தெரியாமல்தான் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

காலை உணவுத் திட்டம் தமிழ்நாடு செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அதைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடக் கூடாது என்று கேட்பதற்காக எழுதுகிறேன்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை மு.க.ஸ்டாலின் 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், மதுரையில் அது தொடங்கியது. அப்போது 1,545 தொடக்கப் பள்ளிகள், 1,14,095 குழந்தைகள். ஓராண்டுக்குள், 2023 ஆகஸ்ட் 25 அன்று, திருக்குவளையில் தொடங்கிவைத்து மாநிலம் முழுக்க 31,008 அரசுப் பள்ளிகளுக்கு விரித்தார்கள். 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாளில், ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகள் சேர்ந்தன. 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தபோது, மொத்தம் 37,416 பள்ளிகள், 20.59 லட்சம் குழந்தைகள் என்று அரசு கணக்குச் சொன்னது. மூன்றே ஆண்டுகளில் இவ்வளவு வேகமாகப் பரவிய நலத்திட்டம் அபூர்வம். ஆனால் நான்கு கட்டங்களிலும் பள்ளிகளின் எண்ணிக்கைதான் கூடியது, ஐந்தாம் வகுப்பு என்ற கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்தக் கோடு ஏன் தப்பு என்பது இந்த ஊர்களின் விடியற்காலையைப் பார்த்தால் புரியும்.

வெளியூர்க்காரர்களுக்கு உத்திரமேரூர் என்றால் குடவோலை. பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊராட்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சுவரில் வெட்டிவைத்த ஊர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இது ஏரிப் பாசனமும் நெல்லும் உள்ள ஊர். நடவு, களை, அறுப்பு என்று பெண்கள் வயலுக்குப் போவார்கள் என்றாலும் வீடு பக்கத்திலேயே இருக்கும். இந்த இருபது ஆண்டுகளில் அது மாறிவிட்டது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டைகளுக்கு ஆள் ஏற்றுகிற கம்பெனி பஸ்கள் இருட்டோடு இருட்டாகக் கூட்டுரோட்டுக்கு வந்து நிற்கின்றன. முதல் ஷிப்டுக்குப் போகிற அம்மா நான்கு மணிக்கு எழுந்து, ஒரே சமையலாகச் சோறும் குழம்பும் வைத்து, தன் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு ஓடுகிறாள். கல் குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்களும் வெயில் ஏறுமுன் கிளம்பிவிட வேண்டும். பிள்ளைகள் கண் விழிக்கும்போது பெரும்பாலும் வீட்டில் பாட்டி இருப்பார், இல்லாவிட்டால் யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுப்பில் மூடிவைத்த சோறு இருக்கிறதே, எடுத்துப் போட்டுச் சாப்பிட வேண்டியதுதானே என்று சொல்லிவிடலாம். காலை ஏழு மணிக்கு ஆறிப்போன சோற்றையும் குழம்பையும் தானாகப் போட்டுச் சாப்பிடுகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் குறைவு. தம்பியைக் குளிப்பாட்டி, தலை பின்னி, தண்ணீர் பிடித்துவைத்துவிட்டுக் கிளம்புகிற பெண் பிள்ளைக்கு அதற்கு நேரமும் இல்லை. கடையில் ஒரு டீ, ஒரு பன். அதுவும் இல்லாவிட்டால் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

முன்தலைமுறைக்குக் காலை உணவு என்று தனியாக அடுப்பு மூட்ட வேண்டியிருக்கவில்லை. இரவு வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். காலையில் உப்புப் போட்டுக் கரைத்து, ஒரு துண்டு வெங்காயமோ மோர் மிளகாயோ கடித்துக்கொண்டு குடித்துவிட்டு வேலைக்கும் பள்ளிக்கும் போனார்கள். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய் சேர்த்துக் கிண்டிய கூழ் இந்தத் தொண்டைமண்டலத்து வீடுகளில் அன்றாடம் இருந்தது. இன்று அது ஆடி மாதத்து அம்மன் கோயில் அண்டாவுக்குப் போய்விட்டது. பழைய சோறு சாப்பிட்டதாகச் சொல்லப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். கூழ் இருந்த இடத்தை எதுவும் நிரப்பவில்லை என்பதே வருத்தம்.

ஒரு சின்னக் கணக்கு. கிராமத்து வீடுகளில் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு முடிந்துவிடும். பள்ளியில் சத்துணவு மணி அடிக்கப் பன்னிரண்டரை ஆகும். இடையில் வெறும் டீயோடு இருக்கிற பிள்ளைக்குப் பதினாறரை மணி நேரம் வயிறு காலி. அந்தப் பதினாறரை மணி நேரத்தின் கடைசி மூன்று மணி நேரத்தில்தான் கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் நடக்கின்றன. மனம் தெளிவாக இருக்கும் நேரம் என்று கடினமான பாடங்களைக் காலையில் வைக்கிறோம்.

காலி வயிறு மூளையை என்ன செய்கிறது? இதைப் பற்றி மிகையான பேச்சும் உண்டு, அதனால் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மூளைக்கு முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். வளர்ந்தவர் ஒருவர் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மூளை எடுத்துக்கொள்கிறது. ஐந்து வயதுக் குழந்தையின் மூளை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறது என்று கிறிஸ்டோபர் குசாவாவும் அவருடைய குழுவினரும் 2014இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அதன் பிறகு அந்தப் பசி மெல்லத்தான் தணிகிறது. பத்து வயது வரை பெரியவர்களின் மூளையைவிட மிக அதிகமாகவே குளுக்கோஸ் செலவாகிறது, பதின்ம வயது முடியும்போதுதான் பெரியவர்களின் அளவுக்கு இறங்குகிறது. இரவில் தூங்கும்போது மூளைக்குப் படியளப்பது கல்லீரலில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை. குழந்தையின் கல்லீரல் சிறியது, அதன் மூளையோ உடலோடு ஒப்பிட்டால் பெரியது. குழந்தை பெரியவர்களைவிட அதிக நேரம் தூங்கவும் செய்கிறது. ஆகவே விடியும்போது கையிருப்பு கரைந்திருக்கும். நான் விரதம் இருந்துவிட்டு வேலைக்குப் போகவில்லையா என்று கேட்கிற பெரியவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேட்டி அடால்ஃபஸ், லூயிஸ் டை உள்ளிட்டோர் காலை உணவையும் பிள்ளைகளின் சிந்திக்கும் திறனையும் பற்றி வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாப்பிட்ட அன்று காலையில் கவனம், நினைவு, ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்யும் திறன் ஆகியவற்றில் சாப்பிட்ட பிள்ளைகள் சாப்பிடாதவர்களைவிட மேலாக இருந்ததை அவர்கள் கண்டார்கள். ஊட்டக்குறைவுள்ள பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் எந்த உணவு சிறந்தது என்பதில் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. காலை உணவு ஒரு பிள்ளையை மேதையாக்கிவிடும் என்று எந்த நல்ல ஆய்வும் சொல்லவில்லை. இருக்கிற அறிவைப் பதினொரு மணி வரைக்கும் தளராமல் பயன்படுத்த விடுகிறது, அவ்வளவுதான். வகுப்பறையில் நின்று பாடம் நடத்தியவர்களுக்கு அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரியது என்று தெரியும்.

நம் கிராமங்களுக்கு நெருக்கமான சான்று ஜமைக்காவில் இருக்கிறது. அங்கே கிறிஸ்டின் பவல், சூசன் வாக்கர், சாலி கிரந்தம்-மெக்ரிகர் முதலியோர் 16 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் 814 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஒரு கல்வியாண்டு முழுக்கப் பள்ளி நாட்களில் காலை உணவு. இன்னொரு பாதிக்குக் கால் ஆரஞ்சுப் பழமும் அதே அளவு கவனிப்பும். 1998இல் முடிவு வெளிவந்தது. சாப்பிட்ட பிள்ளைகளின் எடையும் உயரமும் வருகையும் சிறிது கூடியிருந்தன. கீழ் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறியிருந்தார்கள். பெரிய அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் குலுக்கல் முறையில் பிரித்து, ஆண்டு முழுக்கக் கவனித்து எடுத்த முடிவு என்பதால் அதை நம்பலாம்.

அதே ஜமைக்காவிலிருந்து 1996இல் வந்த இன்னொரு சிறிய ஆய்வு என்னை அதிகம் யோசிக்கவைத்தது. நான்கு பள்ளிகளில் காலை உணவு கொடுத்துவிட்டு, பிள்ளைகள் வகுப்பில் எப்படி இருக்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தார்கள். தனித்தனி வகுப்பறை, போதிய மேசை, ஒழுங்கான ஆசிரியர் என்று அமைந்த பள்ளியில், சாப்பிட்ட அன்று பிள்ளைகள் பாடத்தில் கூடுதலாக ஈடுபட்டார்கள். நெருக்கடியான, ஒரே கூடத்தில் பல வகுப்புகள் நடக்கிற பள்ளிகளில், சாப்பிட்ட பிள்ளைகள் ஒருவரோடொருவர் கூடுதலாகப் பேசினார்கள், பாடத்தில் ஈடுபாடு குறைந்தது. உணவு தெம்பைக் கொடுத்தது. அந்தத் தெம்பை எதில் செலவிடுவது என்பதை வகுப்பறை முடிவு செய்தது. ஓராசிரியரும் ஈராசிரியரும் ஐந்து வகுப்புகளைச் சேர்த்து வைத்து நடத்துகிற பள்ளிகள் நம்மிடம் எத்தனை! காலை உணவு கொடுத்துவிட்டோம், இனித் தேர்ச்சி விகிதம் தானாக ஏறும் என்று காத்திருப்பவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். அண்டாவும் ஆசிரியரும் சேர்ந்து வர வேண்டும்.

இங்கிலாந்தில் ‘மேஜிக் பிரேக்ஃபாஸ்ட்’ என்ற அறக்கட்டளை ஏழைப் பகுதிகளின் தொடக்கப் பள்ளிகளில் நடத்திய காலை உணவு ஏற்பாட்டை 2016இல் மதிப்பிட்டார்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் படிப்பிலும் கணக்கிலும் ஏறக்குறைய இரண்டு மாதப் பாடத்தின் அளவுக்கு முன்னே போயிருந்தார்கள். அதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அங்கே சாப்பிட வராத பிள்ளைகளுக்கும் கொஞ்சம் நன்மை கிடைத்தது. வகுப்பில் கூச்சலும் சோர்வும் குறைந்து, ஆசிரியர் பாடத்தை முழுதாக நடத்த முடிந்ததே காரணம் என்று மதிப்பிட்டவர்கள் கருதினார்கள். பசித்திருக்கும் ஒரு பிள்ளையின் பசி அந்தப் பிள்ளையோடு நின்றுவிடுவதில்லை.

இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி சின்னப் பிள்ளைகளைப் பற்றியது. பதின்ம வயதினரைப் பற்றிய சான்றுகள் குறைவு, கலவையும்கூட. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் இருக்கிறவை ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் சைமன் கூப்பர் குழுவினர் 12 முதல் 15 வயது வரையிலான மாணவர்களை ஒரு நாள் சாப்பிடவைத்தும் ஒரு நாள் சாப்பிடாமல் வைத்தும் சோதித்தார்கள். 2011இல் வெளிவந்த முடிவின்படி எளிய சோதனைகளில் பெரிய வித்தியாசம் இல்லை. சோதனை கடினமாக ஆக ஆக, காலைப்பொழுது நீள நீள, சாப்பிட்டவர்கள் தவறில்லாமல் செய்தார்கள். எட்டாம் வகுப்பு இயற்கணிதமும் பத்தாம் வகுப்பு அறிவியலும் கடினமான பக்கத்தைச் சேர்ந்தவை.

பதின்ம வயதுக்கு வேறொரு தேவையும் இருக்கிறது. குழந்தைப் பருவத்தின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உடல் வேகமாக வளர்வது இந்த வயதில்தான். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தொடங்குகிறது, இரும்புச்சத்துத் தேவை ஏறுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே நிற்கிறவர்கள்தான் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கிற பெண்கள். திங்கட்கிழமை காலை இறைவணக்கக் கூட்டத்தில் ஒரு பெண் மயங்கி விழுவதும், இரண்டு பேர் தாங்கிப் பிடித்து நிழலில் உட்காரவைப்பதும், டீச்சர் ஓடிவந்து ‘காலைல என்னம்மா சாப்ட்டே?’ என்று கேட்பதும், அவள் பதில் சொல்லாமல் தலைகுனிவதும் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் எல்லோரும் பார்த்திருக்கும் காட்சி. குளுக்கோஸ் பொடி ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்து வகுப்புக்கு அனுப்புகிறோம். வாரம்தோறும் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று அந்தப் பிள்ளைகளே சொல்வார்கள்.

தூரத்தையும் சொல்ல வேண்டும். தொடக்கப் பள்ளி தெருக்கோடியில் இருக்கும். ஆறாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ பள்ளி அடுத்த ஊருக்கோ உத்திரமேரூருக்கோ போய்விடுகிறது. சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர் பக்கத்துச் சிற்றூர்களில் ஒரு டவுன் பஸ்ஸைத் தவறவிட்டால் முதல் பீரியட் போய்விடும். எனவே ஏழரைக்கெல்லாம் நிறுத்தத்தில் நிற்கிறார்கள். பத்தாம் வகுப்பாக இருந்தால் அதற்கும் முன்னால் சிறப்பு வகுப்பு. பிள்ளை வளர வளர வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம் முன்னுக்கு வருகிறது, சாப்பிட வாய்ப்புக் குறைகிறது. அந்த நேரம் பார்த்துத் தட்டை எடுத்துவிடுகிறோம்.

படிக்கிறவனுக்குச் சோறு போடுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல் இங்கிருந்து அதிக தூரமில்லை. அங்குள்ள பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கோயிலைச் சார்ந்து ஒரு கல்லூரியும் மாணவர் விடுதியும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையும் நடந்ததைச் சொல்கிறது. மாணவர் சாப்பாட்டுக்கு எவ்வளவு நெல் என்பதுவரை அதில் கணக்கு இருக்கிறது. வேதம் படித்த சிலருக்கான சோறுதான் அது. உழுதவர் பிள்ளைகளுக்கு அந்தப் பந்தியில் இடமில்லை. ஆனாலும், பசியோடு படிக்க முடியாது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிர்வாகம் உணர்ந்து அளவுபோட்டு எழுதியிருக்கிறது.

உழுதவர் பிள்ளைகளுக்கும் பந்தி விரித்ததில் இந்த மாவட்டத்துக்காரர் ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912இல் பிறந்த நெ.து.சுந்தரவடிவேலு, காமராஜர் முதல்வராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநர். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 1920களில் நீதிக்கட்சியினர் செய்துபார்த்த மதிய உணவை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோக 1956இல் காமராஜர் துணிந்தபோது, ஊர் ஊராகப் போய் மக்களிடம் நெல்லும் பணமும் திரட்டி, பள்ளிகளில் அடுப்பு மூட்டவைத்தவர்களில் முன்னணியில் நின்றவர் அவர். அரசிடம் பணமில்லை என்பது அன்று இன்றைவிடப் பன்மடங்கு உண்மை. அதைச் சாக்காக அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து எம்.ஜி.ஆரின் சத்துணவு. 1982 ஜூலையில் தொடங்கியபோது அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். 1984இல் 15 வயது வரைக்கும், அதாவது பத்தாம் வகுப்பு வரைக்கும் நீட்டினார்கள். கோட்டை அழிக்க இரண்டு ஆண்டுகள் போதுமானதாக இருந்தன. அதனால்தான் இன்று நம் பள்ளிகளில் மதியச் சோறு பத்தாம் வகுப்பு வரை இருக்கிறது. காலைச் சோறு மட்டும் ஐந்தோடு நிற்கிறது. ஒரே பிள்ளையின் ஒரே வயிற்றுக்கு மதியம் ஒரு சட்டம், காலையில் ஒரு சட்டம்.

பக்கத்து மாநிலங்கள் இதைக் கவனித்தன. தமிழ்நாட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போன தெலங்கானா, 2023 அக்டோபரில் தன் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கும்போதே ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை என்று வகுத்தது. கர்நாடகம் 2024 முதல் பள்ளிப் பாலோடு ராகி மால்ட் கொடுக்கிறது, அதுவும் பத்தாம் வகுப்பு வரைக்கும். நாம் ஏற்காத தேசியக் கல்விக் கொள்கையின் 2020ஆம் ஆண்டு ஆவணம்கூட, சத்தான காலை உணவுக்குப் பிந்தைய நேரம் கடினமான பாடங்களுக்கு உகந்தது என்று எழுதி, பள்ளியில் காலை உணவு தரலாம் என்று பரிந்துரைத்தது. எழுதிய ஒன்றிய அரசு அதற்குப் பணம் வைக்கவில்லை. பணம் வைத்துச் செய்துகாட்டியது நாம். தொடங்கியவர்களே பாதியில் நின்றுவிட்டோமே என்பதுதான் ஆதங்கம்.

பணம் எவ்வளவு ஆகும்? முதல் கட்டத்தில் 1,14,095 குழந்தைகளுக்கு அரசு ஒதுக்கியது 33.56 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்கு மூவாயிரம் ரூபாய்க்குள். விலைவாசி ஏறியிருக்கிறது, பதின்ம வயதுப் பிள்ளைக்குத் தட்டில் கூடுதலாகவும் வேண்டும். இப்போதைய அளவு ஒரு பிள்ளைக்கு 50 கிராம் தானியமும் 15 கிராம் பருப்பும். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது காணாது. இரட்டிப்பு என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்நாடு போன்ற ஒரு மாநிலம் அதைத் தாங்க முடியாது என்று நான் நம்பவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்றும் இல்லை. நடுநிலைப் பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளை முதலில் சேர்க்கலாம். அங்கே சமையல்கூடம் உண்டு, எரிவாயு உண்டு, சமைக்கிற பெண்கள் ஏற்கெனவே வந்து நிற்கிறார்கள், செயலியில் பள்ளியின் பெயர் இருக்கிறது. கூடுதலாக வேண்டியது தானியமும் பருப்பும் காயும், பெரிய அண்டா ஒன்றும், பிள்ளைகள் அதிகமானால் இன்னொரு சமையலரும். உயர்நிலைப் பள்ளிகளுக்கு அடுத்த ஆண்டு வரலாம். அங்கே முதல் படியாகக் கேழ்வரகுக் கஞ்சியும் சுண்டலும் கொடுத்தால்கூடப் போதும். கூழ் குடித்து வளர்ந்த மண்ணுக்கு அதைச் செய்யத் தெரியாதா?

பிள்ளைக்குச் சோறு போடுவது தாயின் கடமை, அரசு எல்லாவற்றையும் கொடுத்தால் குடும்பப் பொறுப்பு போய்விடும் என்று வாதிடுகிறவர்கள் ஒவ்வொரு திட்டத்தின்போதும் இதைச் சொல்லியிருக்கிறார்கள், 1956லும் 1982லும்கூட. நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவைத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுகிற பெண்ணிடம் போய்ப் பொறுப்பைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவள் உழைப்பால்தான் இந்த மாவட்டத்துத் தொழிற்பேட்டைகள் ஓடுகின்றன, மாநிலத்துக்கு வரி வருகிறது. அவள் பிள்ளைக்குக் காலையில் ஒரு தட்டு வைப்பது அந்த வரியிலிருந்து செய்கிற நியாயமான செலவு.

திட்டத்துக்குள்ளேயே சரிசெய்ய வேண்டியவையும் இருக்கின்றன. உப்புமாவைப் பார்த்து முகம் சுளிக்கிற பிள்ளைகளைத் திட்டுவதில் பயனில்லை. ரவையும் சேமியாவும் சீக்கிரம் செரித்துவிடும், பருப்பும் காயும் தாராளமாக இருந்தால்தான் மதியம் வரை தாங்கும். சாம்பார் தண்ணீராகிவிட்டால் பருப்பு கணக்கில் மட்டுமே இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் சுண்டலோ முளைகட்டிய பயறோ சேர்க்கலாம். சமைக்கிற பெண்களுக்குத் தருகிற தொகை அவர்கள் எழுந்திருக்கும் நேரத்துக்கும் ஏற்றுக்கொள்ளும் பொறுப்புக்கும் தகுந்ததாக இல்லை, அதை உயர்த்த வேண்டும். விரிவாக்கத்தின் சுமை அவர்கள் தோளில் மட்டும் விழக் கூடாது.

அரசாணை சென்னையிலிருந்து வர வேண்டும் என்றாலும், கேட்க வேண்டியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் தெருவிளக்கும் குடிநீரும் தீர்மானமாவதுபோல இதுவும் தீர்மானமாகலாம். தீர்மானத்துக்குக் கணக்கு வேண்டும். ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளில் ஒரு வாரம், தினம் காலை வருகைப் பதிவு எடுக்கும்போது, யார் என்ன சாப்பிட்டுவிட்டு வந்தார்கள் என்று ஆசிரியர் குறித்துக்கொண்டால் போதும். கேட்கிற விதம் முக்கியம். ‘சாப்பிடாதவங்க கை தூக்குங்க’ என்றால் ஒரு கையும் எழாது. ‘சாப்ட்டியா?’ என்று தனியாகக் கேட்டாலும் ‘சாப்ட்டேன் மிஸ்’ என்றுதான் பதில் வரும், பதின்ம வயதின் ரோஷம் அப்படி. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத்தாள் கொடுத்து, பெயர் போடாமல், இன்று காலை சாப்பிட்டது என்ன, எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதச் சொல்லலாம். டீ, பன், பிஸ்கட், ஒன்றுமில்லை என்று எத்தனை தாள்கள் வருகின்றன என்று எண்ணி, அந்த எண்ணைத் தலைமையாசிரியர் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கட்டும். அங்கிருந்து கிராம சபைக்கும், ஒன்றியத்துக்கும், மாவட்ட ஆட்சியருக்கும் அது போகட்டும். நிதிநிலை அறிக்கைக்கு முன்பாகப் போய்ச் சேர வேண்டும் என்றால், அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே அந்தத் தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தாக வேண்டும்.